சிகாகோ என்ற பெயர் யாருக்குச் சொந்தம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் நண்பர்கள் கூடி ஒரு விளையாட்டு ஆடினோம். ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். அது தொலைக்காட்சி அலைவரிசையா, ராக் இசைக்குழுவா, கணினி எழுத்துருவா என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். சிகாகோ, ஜெனீவா, மொனாக்கோ, ஃபீனிக்ஸ், ஃபியூச்சுரா என்று வந்த பெயர்கள் பலவற்றுக்கு இரண்டு விடைகள் சரியாக இருந்தன. பெயர் வைப்பவர்களின் கற்பனை வற்றிவிட்டதா? ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் எடுத்துக்கொள்வதைச் சட்டம் எப்படி அனுமதிக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கற்பனை வற்றிவிட்டதாக நான் நினைக்கவில்லை. சோப்புக்குப் பெயர் வைப்பவர் அதன் மணத்தையோ பயனையோ பெயரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் ஓர் அலைவரிசையில் என்னென்ன ஒளிபரப்பாகும், ஓர் இசைக்குழு பத்தாண்டுகளுக்குப் பின் எதைப் பாடும், ஓர் எழுத்துருவில் யார் எதை அச்சிடுவார்கள் என்பதெல்லாம் பெயர் வைக்கும் நாளில் அவற்றை உருவாக்கியவர்களுக்கே தெரியாது. ஆகவே எதையும் விவரிக்காத, அதே சமயம் கேட்டவுடன் மனத்தில் பதிகிற சிறிய பெயர் தேவைப்படுகிறது. புகழ்பெற்ற நகரங்களின் பெயர்களும் புராணப் பெயர்களும் இதற்குப் பொருந்துவதால் மூன்று துறையினரும் அவற்றையே நாடுகிறார்கள்.

சிகாகோவின் கதை இதற்கு நல்ல சான்று. 1984இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிக்காகச் சூசன் கேர் வரைந்த எழுத்துருக்களுக்கு, ஃபிலடெல்ஃபியாவின் புறநகர் ரயில் தடத்திலுள்ள ஓவர்புரூக், மெரியன், ஆர்ட்மோர், ரோஸ்மான்ட் ஆகிய நிலையங்களின் பெயர்களைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். ஊர்ப்பெயர் வைக்கலாம், ஆனால் யாரும் கேள்விப்படாத சிற்றூர்கள் வேண்டாம், உலகப் பெருநகரங்களாக இருக்கட்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னதால் அவை சிகாகோ, நியூயார்க், ஜெனீவா, லண்டன் என்று மாறின. (எனக்கென்னவோ மெரியன் என்ற பெயரே பிடித்திருக்கிறது.) இதே பெயருள்ள அமெரிக்க ராக் இசைக்குழுவோ அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1969இல், ‘சிகாகோ டிரான்சிட் அத்தாரிட்டி’ என்ற பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டிருந்தது. அந்நகரின் உண்மையான போக்குவரத்து நிறுவனம் வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரித்ததும் பெயரைச் சிகாகோ என்று சுருக்கிக்கொண்டது. விண்டோஸ் 95 உருவாக்கத்தில் இருந்தபோது மைக்ரோசாஃப்ட் அதற்கு இட்டிருந்த குறிப்புப் பெயரும் சிகாகோதான்.

இனி சட்டம். வணிக முத்திரை ஒரு சொல்லை முழுவதுமாக ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதில்லை. குறிப்பிட்ட பொருளுக்கோ சேவைக்கோ, குறிப்பிட்ட நாட்டில், அதைப் பயன்படுத்தும் உரிமையைத்தான் கொடுக்கிறது. பொருள்களையும் சேவைகளையும் வகைபிரிக்கப் பல நாடுகள் பின்பற்றும் நீஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள் உள்ளன. ஒளிபரப்பு 38ஆம் வகுப்பிலும், இசை நிகழ்ச்சி 41ஆம் வகுப்பிலும், கணினியில் இறக்கிக்கொள்ளும் எழுத்துரு 9ஆம் வகுப்பிலும் அடங்கும். பிரான்ஸின் இசைக்குழு ஒன்றும், 1996இல் ஹாங்காங்கிலும் 1997இல் ஜெர்மனியிலும் தொடங்கப்பட்ட இரு வேறு அலைவரிசைகளும் ஃபீனிக்ஸ் என்ற ஒரே பெயரில் இயங்குவது இதனால்தான். 1927இல் பால் ரென்னர் வடிவமைத்த ஃபியூச்சுரா எழுத்துருவுக்கும் 1997இல் தொடங்கிய பிரேசிலின் ஃபியூச்சுரா அலைவரிசைக்கும் இடையிலும் இதே ஏற்பாடுதான்.

தொழில்கள் ஒன்றையொன்று நெருங்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் நிறுவனமும் கணினி ஆப்பிளும் 1981இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கணினி நிறுவனம் இசைத்தொழிலில் இறங்கக் கூடாது என்பது அதன் சாரம். பிறகு கணினியே இசைக்கருவியாகவும் இசைக்கடையாகவும் மாறியதால் வழக்குக்கு மேல் வழக்காக நடந்து, 2007இல்தான் அது முடிவுக்கு வந்தது. பிரிட்டனின் ஸ்கை ஒளிபரப்பு நிறுவனம் தொடுத்த வழக்கில் 2013இல் தோற்ற பின், மைக்ரோசாஃப்டின் இணையக் கோப்புச் சேமிப்புச் சேவையான ஸ்கைடிரைவ் ஒன்டிரைவ் ஆனது. ஒரே துறைக்குள் மோதினால் தப்பவே முடியாது: பிரிட்டனின் சுவேட் இசைக்குழு அமெரிக்காவில் ‘தி லண்டன் சுவேட்’ என்றே அறியப்பட வேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ‘சை-ஃபை’ (Sci Fi) என்பது அறிவியல் புனைவு என்ற இலக்கிய வகையின் பொதுப்பெயர், அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்பதால், அமெரிக்காவின் சை-ஃபை அலைவரிசை 2009இல் உச்சரிப்பை மாற்றாமல் எழுத்துக்கூட்டலை மட்டும் Syfy என்று மாற்றிக்கொண்டது.

மூன்றிலும் எழுத்துருவின் நிலைதான் விசித்திரமானது. அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. 1978இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எழுத்துருவைத் திரையில் வரையும் மென்பொருளுக்கு உரிமை கோரலாம், வடிவமைப்புக்குத் தனியாகக் காப்புரிமையும் வாங்கலாம். ஆனால் ஒரு வடிவத்தைப் பார்த்து இன்னொருவர் புதிதாக வரைந்துகொண்டால், பழைய உரிமையாளரின் கையில் உறுதியாக எஞ்சுவது பெரும்பாலும் பெயர்தான். எழுத்துரு விற்கும் பிட்ஸ்ட்ரீம் நிறுவனம், ‘சுவிஸ்’ என்று பொருள்படும் ஹெல்வெட்டிக்கா எழுத்துருவின் தன் வடிவத்தை ஸ்விஸ் 721 என்றும், டைம்ஸின் வடிவத்தை டச்சு 801 என்றும் பெயரிட்டு விற்றது. பெயரைத் தொடவில்லை, ஆனால் தேடுபவருக்கு அடையாளம் புரியும்படி விட்டுவைத்தது. மெக்கின்டாஷில் ஹெல்வெட்டிக்காவை நினைவூட்டும் எழுத்துருவுக்கு ஜெனீவா என்ற சுவிஸ் நகரின் பெயர் வாய்த்ததையும் வெறும் தற்செயலாக நான் எண்ணவில்லை. ஸ்காட்லாந்தின் ஜெனீவா இசைக்குழுவுக்கு அப்படி எதையும் சுட்டிக்காட்ட வேண்டிய தேவை இருந்திருக்காது.

அன்புடன்,
ஆசிரியர்