சுருதியை மாற்றிக் கூட்டலாமா? லேப் ஸ்டீல் கிதார் கேள்வி – பதில்

லேப் ஸ்டீல் என்பது மடியில் கிடத்தி, தந்திகளின் மேல் எஃகுத் துண்டை (பார்) நகர்த்தி வாசிக்கும் கிதார். தந்திப் பருமன்கள் எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். கடையில் 15, 18 என்றே கேட்கலாம். கணக்குகள் 22.5 அங்குலத் தந்தி நீளத்துக்கு. ஒன்றாம் தந்தி என்பது மிக மெலிந்தது, வாசிப்பவருக்கு எட்டத்தில் இருப்பது.

செம்பூர் வாசகி: என் ஆறு தந்தி லேப் ஸ்டீலில் சி6 சுருதிதான் (கீழிருந்து, அதாவது 6-வது தந்தியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ). பழைய இந்திப் பாட்டுகளுக்கு மைனர், டிமினிஷ்ட், செவன்த் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மாறி மாறி வருகின்றன. பாரைச் சாய்த்தும் சரியாக விழவில்லை. தந்தி மாற்றாமல் வேறு சுருதி உண்டா?

உண்டு. பாஸ்டன் பெர்க்லீ இசைக் கல்லூரியில் கிதார் கற்பித்த பில் லீவிட்டின் பெயரால் வழங்கும் சுருதி அது. கீழிருந்து சி ஷார்ப், இ, ஜி, பி ஃப்ளாட், சி, டி. பார்க்க விபரீதமாக இருக்கும். ஆனால் உங்கள் சி6-இலிருந்து மூன்று தந்திகளைத் தொட்டால் போதும்: 1-வதை இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள்; 3-வதை ஏ-யிலிருந்து பி ஃப்ளாட்டுக்கும், 6-வதை சி-யிலிருந்து சி ஷார்ப்புக்கும் அரைச் சுரம் ஏற்றுங்கள். இறக்கவேண்டியதை முதலில் இறக்குவது நல்லது. இறக்கும்போது சுரத்துக்குக் கொஞ்சம் கீழே போய், மேலே ஏறி வந்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தந்தி முறுக்கும் சாவியின் பல்லில் மிஞ்சிய தளர்வு நாலு நிமிஷத்தில் சுருதியைக் கெடுத்துவிடும்.

இனி பாரைச் சாய்க்கவே வேண்டாம். நேராக வைத்து, எந்தத் தந்திகளை மீட்டுகிறோம் என்பதில்தான் கார்டு. பார் வைக்காத நிலையில் 5, 4, 2 மீட்டினால் சி மேஜர். 4, 3, 1 ஜி மைனர். 5, 4, 3, 2 சேர்ந்தால் சி செவன்த். அதில் 2-க்குப் பதில் 1-ஐ எடுத்தால் ஜி மைனர் சிக்ஸ்த். 6, 5, 4, 3 சி ஷார்ப் டிமினிஷ்ட். சி மைனர் வேண்டுமா? பாரை ஐந்தாம் ஃப்ரெட் கோட்டில் வைத்து அதே 4, 3, 1.

எங்கே உதைக்கும் என்றால், ஆறையும் ஒரே இழுப்பில் இழுத்தால் சகிக்காது. சி ஷார்ப், சி, டி மூன்றும் ஒன்றோடொன்று முட்டும். அதனால் வேண்டாத தந்தியை வலது உள்ளங்கை விளிம்பால் அடக்கும் பழக்கம் வந்தாக வேண்டும். 5, 4, 2-ல் நடுவில் ஒன்றைத் தாண்டுவதுதான் முதலில் தடுமாறும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று நிலையாக வைத்துக்கொண்டு அதை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள். நிலையாக இந்தச் சுருதிக்கே போவதென்றால் 16, 18, 20, சுற்றுத் தந்தியில் (மேலே கம்பி சுற்றியது) 26, 30, 36 போடுங்கள். ஆறும் 24 முதல் 26 பவுண்டு இழுவிசைக்குள் நிற்கும், பாரின் கீழ் ஒரே மாதிரி உணரும். கார்டு இல்லாமல் மெட்டை மட்டும் வாசிக்கிறவருக்கு இந்தச் சிரமம் தேவையே இல்லை.

முலுண்ட் வாசகர்: ஹவாய் மெட்டுகளுக்காக ஒன்றாம் தந்தியை இ-யிலிருந்து ஜி வரை ஏற்றினால் அறுந்துவிடுகிறது. 15-க்குப் பதில் 17 போட்டால் தாங்குமா?

தாங்காது. தடித்த தந்திக்கு வலு கூடும். அதே சுரத்துக்கு வர அதே விகிதத்தில் இழுவிசையும் கூடும். ஆக, சுற்றில்லாத எஃகுத் தந்தி எந்தச் சுரத்தில் அறும் என்பதைத் தீர்மானிப்பது நீளமும் எஃகின் தரமும்தான், பருமன் அல்ல. 24 அங்குலப் பெடல் ஸ்டீலிலேயே (காலால் மிதிக்கும் பெடல் வைத்த ஸ்டீல் கிதார்) 11 பருமன் தந்தி ஜி ஷார்ப்பில் நிற்கிறது. ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் இழுவிசை சுமார் 12 சதவீதம் ஏறும். இ-யிலிருந்து ஜி-க்கு 41 சதவீதம். உங்கள் 15, 28 பவுண்டிலிருந்து 40-க்குப் போயிருக்கும். அதே ஜி-யை 12 பருமன் 26 பவுண்டுக்குள் தரும்.

சுருதியையும் திருத்த வேண்டியிருக்கிறது. ஒன்றாம் தந்தியை மட்டும் ஏற்றினால் மேலே இருந்த இ போய்விடுகிறதே! மொத்தத்தையும் ஒரு படி நகர்த்துங்கள்: மேலிருந்து ஜி 12, இ 15, சி 18, ஏ 22, ஜி 26, இ 30. கீழ் சி-யை மட்டும் இழப்பீர்கள். பிறகும் அறுந்தால் அறுந்த இடத்தைப் பாருங்கள். பிரிட்ஜ் (வலது முனைத் தாங்கி) விளிம்பில் என்றால் அங்கே கூர் இருக்கிறது, மெல்லிய உப்புத்தாளால் மழுக்குங்கள். நட்டில் (சாவிகளின் பக்கத் தாங்கி) என்றால் பள்ளம் கவ்வுகிறது; பென்சில் கரியைத் தடவுங்கள்.

மாட்டுங்கா வாசகர்: கர்நாடக சங்கீதத்துக்கு என்ன சுருதி? இப்போது ஓப்பன் டி வைத்திருக்கிறேன்.

ஓப்பன் டி என்றால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி; இரண்டு கட்டையில் ச, ப, ச, க, ப, ச. உபத்திரவம் அந்த எஃப் ஷார்ப்தான். அது அந்தர காந்தாரம். தோடியிலோ கரகரப்பிரியாவிலோ கை தவறிப் பட்டால் ராகம் போச்சு. 3-வது தந்தியைக் கழற்றி, 4-வதின் பருமனிலேயே ஒன்றைப் போட்டு இரண்டையும் டி-யில் சேருங்கள். ச, ப, ச, ச, ப, ச. வீணையிலும் கோட்டுவாத்தியத்திலும் இருக்கிற ச-ப ஏற்பாடுதான், நாதமும் கனமாக வரும்.

ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி போலப் பஞ்சமம் இல்லாத ராகங்களுக்கு இரண்டு ஏ-யையும் ஜி-க்கு இறக்கி மத்தியமம் ஆக்குங்கள். இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பார் அழுத்தினால் சுரம் பிசகும், எடையை மட்டும் தந்தியில் வையுங்கள். இன்னொரு பொறி: ச-வும் ம-வும் சேர்ந்து ஒலிக்கையில் காது மத்தியமத்தையே ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். சுருதிப் பெட்டியில் ச-வைத் தூக்கலாக வைத்து, கீழ் டி-யை அடிக்கடி மீட்டுங்கள்.

டோம்பிவிலி வாசகி: ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்தும் சி6 கார்டு புளிக்கிறது. ஏன்?

ட்யூனர் காட்டுவது கீபோர்டின் சம இடைவெளி. காதுக்கு இனிக்கும் காந்தாரம் (சி-க்கு இ) அதைவிட 14 சென்ட் கீழே; சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. இரண்டு இ தந்திகளையும் 14 சென்ட், ஏ-யை 16 சென்ட் குறைத்துப் பாருங்கள். சி மேஜரும் ஏ மைனரும் ஒருசேரத் தெளியும். கீபோர்டோ ஹார்மோனியமோ உடன் வாசித்தால் பாதியளவு குறைத்தால் போதும். மேலே சொன்ன லீவிட் சுருதியில் இதைச் செய்யாதீர்கள். ஒரே தந்தி ஒரு கார்டில் ஆதாரமாகவும் இன்னொன்றில் மூன்றாவதாகவும் (காந்தாரமாகவும்) வருவதால் ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும்.

தாராவி வாசகர்: சாதாரணக் கிதாரில் நட் உயர்த்தி போட்டு மடியில் வைத்து வாசிக்கிறேன். நடுத் தந்திகள் மட்டும் பாரில் படுகின்றன.

பிரிட்ஜில் உள்ள எலும்பு மேல்பக்கம் வளைந்திருக்கும். அதே அளவில் தட்டையாக ஒன்று செய்து போடுங்கள். அந்த உடம்பில் ஜி, பி, டி, ஜி, பி, டி வேண்டாம். 6-வது, வழக்கமான இ-யிலிருந்து மூன்று அரைச் சுரம் ஏறி, பிரிட்ஜே பெயர்ந்துவிடக்கூடும். டி, ஜி, டி, ஜி, பி, டி வையுங்கள், எதையும் ஏற்றவேண்டியதில்லை.

வாஷி வாசகர்: ஜூலையில் தந்திகள் பத்து நாளில் துருப்பிடிக்கின்றன.

வாசித்ததும் அடிப்பக்கமும் சேர்த்து உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டிக்குள் மூடுங்கள். துரு ஏறிய தந்தியில் பார் கரகரக்கும், சுரமும் நீளம் முழுக்க ஒன்றாக நிற்காது. மழைக்காலத்தில் உதிரியாக 15-ம் 18-ம் இரண்டிரண்டு வாங்கி, பிரிக்காமல் வையுங்கள்.