எந்தக் கீழாநெல்லி? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கொல்லையில் முளைத்த கீழாநெல்லியை, நூலகத்தில் கிடைத்த கேம்பிளின் தாவர நூலை வைத்துக்கொண்டு அடையாளம் காணப் பார்த்தேன். அதிலுள்ள திறவுகோல் (‘இதுவா, அதுவா’ என்று கேள்வி கேள்வியாகக் கேட்டுச் செடியின் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்) ஃபில்லாந்தஸ் நிருரி என்ற பெயரில் கொண்டுவந்து விட்டது. கைபேசிச் செயலி ஃபில்லாந்தஸ் யூரினேரியா என்றது. தாவரவியல் படித்த என் அக்கா, “ரெண்டும் இல்ல, ஃபில்லாந்தஸ் அமாரஸ்” என்கிறாள். ஒரு செடிக்கு மூன்று பெயர். திறவுகோலுக்கெல்லாம் காலம் போய்விட்டதா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் அக்கா சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் செடியைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. நீங்களே பார்த்துவிடலாம், பெரிய வேலை இல்லை.

முதலில் செயலி. நீங்கள் செடியை மேலிருந்து படம் எடுத்திருப்பீர்கள். இந்தக் கூட்டத்தைப் பிரித்தறியத் தேவையானதெல்லாம் இலைகளுக்கு அடியில் அல்லவா இருக்கிறது? ஒரு கிளையைத் திருப்புங்கள். யூரினேரியா என்றால் காய்கள் காம்பே இல்லாததுபோலக் கிளையோடு ஒட்டியிருக்கும், மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான காய் சிறு காம்பில் தொங்கினால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள். மேலாநெல்லி என்கிற மதராஸ்படென்சிஸ் இதைவிடச் சுலபம். இலை அடியில் குறுகி நுனியில் அகன்றிருக்கும். புளிய இலைபோலத் தோன்றும் அந்த அடுக்கான சிறுகிளைகள் அதில் கிடையாது.

கேம்பிளுக்கு வருவோம். சென்னை மாகாணத்தின் தாவரங்களைப் பற்றிய அந்த நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. கேம்பிள் 1925-இல் இறந்துவிட, ஃபிஷர் என்ற தாவரவியலாளர் முடித்துக்கொடுத்தார். நிருரி என்பது லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர். உண்மையில் அது அமெரிக்கச் செடி. அதைப் போலவே இருந்த நம் ஊர்ச் செடிகளையும் அந்தக் காலத்தில் அதே பெயரில் சேர்த்துவிட்டார்கள். 1950-களில் வெப்ஸ்டர் என்ற தாவரவியலாளர் இந்தச் சிக்கலைப் பிரிக்கத் தொடங்கினார். 1985-இல் மித்ரா, ஜெயின் என்ற இரு தாவரவியலாளர்கள், இந்தியாவில் நிருரி என்று சொல்லப்பட்டது அமாரஸ், ஃபிராட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று எழுதினார்கள். ஆக, நீங்கள் கேள்விகளுக்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நூலில் அதற்கு மேல் போக வழி இல்லை.

திறவுகோலிடம் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான்: ‘எனக்குத் தெரியாது’ என்று அது சொல்லவே சொல்லாது. நூலில் இல்லாத செடியைக் கொடுத்தாலும் ‘இதுவா, அதுவா’ என்று கேட்டுக் கேட்டு ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதனால் பெயர் வந்ததும் நூலை மூடக் கூடாது. அந்த இனத்தின் விவரணையை வரிவரியாகச் செடியோடு வைத்துப் படிக்கவேண்டும். இரண்டு குணங்கள் ஒத்துவராவிட்டால் பெயரைச் சந்தேகப்படுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, ஏனென்றால் பெயர் கிடைத்த சந்தோஷத்தில் பொறுமை போய்விடுகிறது.

இனி உங்கள் செடி. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூ மிகச் சிறியது, ஆகவே பூவோடு மல்லுக்கட்ட வேண்டாம். காய்க்கு அடியில் புல்லிவட்டம் (பூவின் வெளிவட்டம்) உதிராமல் அப்படியே இருக்கும். அதன் மடல்களை எண்ணுங்கள். ஐந்து என்றால் அமாரஸ் பக்கம், ஆறு என்றால் ஃபிராட்டர்னஸ் அல்லது டெபிலிஸ். ஒரு காயோடு நிறுத்தாமல் வேறு வேறு செடிகளில் பாருங்கள், மடல் ஒடிந்திருக்கக்கூடும். அடுத்து, அமாரஸில் ஒரே இலைக்கக்கத்தில் (இலை கிளையோடு சேரும் மூலையில்) ஆண் பூவும் பெண் பூவும் சேர்ந்து இருப்பதைக் காணலாம். மற்ற இரண்டிலும் சிறுகிளையின் அடிப்பக்கம் ஆண் பூக்கள், நுனிப்பக்கம் பெண் பூக்கள் என்று பிரிந்திருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் தியாகராஜன் குழுவினர் மஞ்சள்காமாலைக் கிருமியின் மீது இந்த மூலிகையைச் சோதித்தபோது, 1982 கட்டுரையில் செடியின் பெயர் நிருரி. 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு இந்த மூலிகை பலன் தந்ததாகச் சொன்ன புகழ்பெற்ற கட்டுரையில் அமாரஸ். பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் எந்தச் செடியைக் கொடுத்தார்கள் என்பது தெளிவாக இல்லாவிட்டால் பேச்சையே தொடங்க முடியாது. தென்னிந்திய மூலிகைக் கடைகளில் வாங்கிய மாதிரிகளை ஆராய்ந்த 2010-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ஏறத்தாழ முக்கால் பங்கு மாதிரிகளில்தான் அமாரஸ் பிரதானமாக இருந்தது என்கிறது. மிச்சத்தில் வேறு ஐந்து இனங்கள். (அமாரஸே அமெரிக்காவிலிருந்து வந்த களைச்செடி என்பதுதான் இன்றைய பொதுக்கருத்து. நாட்டு வைத்தியர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நல்ல சண்டை கிடைக்கும்.)

உங்கள் ஊரிலேயே செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் (உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகம்) இருக்கிறது. கே. எம். மாத்யூ அங்கிருந்துதான் ‘தமிழ்நாடு கர்நாடிக்’ எனப்படும் பகுதியின் (கர்நாடக மாநிலம் அல்ல) தாவர நூலைத் தொகுத்தார். கேம்பிளோடு அதையும் பாருங்கள். பூவும் காயும் உள்ள சில செடிகளை வேரோடு எடுத்து, பிடுங்கிய உடனே செய்தித்தாளுக்குள் விரித்து அழுத்திவையுங்கள். தாமதித்தால் இலைகள் மூடிக்கொள்ளும்.

மடல் ஆறு என்று வந்தால் எழுதுங்கள். ஃபிராட்டர்னஸா டெபிலிஸா என்பதற்கு இலை நுனியையும் பெண் பூவின் வட்டத்தட்டையும் (சூலகத்தின் அடியில் இருக்கும் சிறு தட்டு) பார்க்கவேண்டியிருக்கும். அது கொஞ்சம் கண்வலிக்கிற வேலை.