ஹீட்டர் இல்லாம வீடு சூடாகுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அண்ணன் ஆர்மில இருக்கான், லடாக்குல போஸ்டிங். அங்க மைனஸ் 15 குளிர்லயும் சில வீட்டுல ஹீட்டரே இல்லாம கதகதன்னு இருக்கும்னு சொல்றான். நம்ப முடியல சார், நிஜமா? (திருநெல்வேலியிலேர்ந்து ஒரு வாசகர்)

பதில்: நிஜம் தான் தம்பி, அண்ணன் சொன்னத அப்படியே நம்பலாம். லடாக்குல லேங்குற ஊர் பக்கத்துல ஃபே கிராமத்துல செக்மோல்னு ஒரு கல்வி அமைப்போட கேம்பஸ் இருக்கு, மண்ண இடிச்சு இறுக்கி கட்டின சுவர், தெற்கு பக்கம் முழுக்க கண்ணாடி, பனிக்காலம் வந்தா பிளாஸ்டிக் ஷீட்டுல ஒரு பந்தல் மாதிரி முன்னாடி கட்டிடுவாங்க, வெயில் தான் அங்க ஹீட்டர். அதே செக்மோல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான சோனம் வாங்சுக் 2021 பிப்ரவரில ராணுவத்துக்காக ஒரு சோலார் கூடாரம் செஞ்சு காட்டினார், ராத்திரி 10 மணிக்கு வெளிய மைனஸ் 14, உள்ள பிளஸ் 15. பத்து பேர் படுக்கலாம், மண்ணெண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம்.

எப்படின்னு கேட்டா, மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு உங்க மொட்டை மாடில வெறும் கால்ல நடந்து பாருங்க, சூரியன் போய் மூணு மணி நேரத்துக்கு மேல ஆகியும் தரை சுடும், மேற்கு சுவர்ல முதுகு சாய்க்க முடியாது. பகல்ல குடிச்ச வெயில ராத்திரி கக்குது. நமக்கு அது தொல்லை, லடாக்குல அது தான் உயிர். சுவருக்கு வெளிப்பக்கம் கறுப்பு அடிச்சு, அதுக்கு முன்னாடி நாலு விரக்கடை இடம் விட்டு கண்ணாடி போட்டுட்டா முடிஞ்சுது, கண்ணாடி வெயில உள்ள விடும் ஆனா சுவர்லேர்ந்து கிளம்புற சூட்ட வெளிய விடாது. இதுக்கு ட்ராம்ப் சுவர்னு பேரு, பிரான்ஸ்ல ஓடெய்யோங்குற மலை ஊர்ல 1967ல ஃபெலிக்ஸ் ட்ராம்பும் ஆர்க்கிடெக்ட் ஜாக் மிஷெலும் இப்படி வீடு கட்டினதால அந்த பேர், ஆனா 1881லயே அமெரிக்காவுல எட்வர்ட் மோர்ஸ்ங்குறவர் இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார்.

ஒரு ஜனவரில லே பக்கம் இந்த மாதிரி ஒரு வீட்டுல தங்கினேன். மதியம் கண்ணாடிக்குப் பின்னாடி கைய விட்டு சுவர தொட்டேன், வெச்ச கைய உடனே எடுக்க வேண்டியதாச்சு. ரூமுக்குள்ள வந்து அதே சுவரோட இந்தப் பக்கம் தொட்டா ஜில்லுன்னு இருக்கு. எனக்கு பெரிய ஏமாற்றம். ராத்திரி பத்து மணிக்கு அந்த வீட்டு அம்மா கூப்பிட்டு "இப்ப தொடு"ன்னு கைய பிடிச்சு வெச்சாங்க பாருங்க, காய்ச்சல் அடிக்கிற பிள்ளை நெத்தி மாதிரி இருந்துச்சு. மண், கான்கிரீட் மாதிரி சுவர்ல சூடு இன்ச்சுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்னு மெதுவா நடந்து வரும், அது ஒரு அடி சுவர், மதிய வெயில் உள்ள வந்து சேர ராத்திரி ஆயிடுச்சு. குளிர் ஏறுற நேரத்துக்கு கரெக்டா வந்து நிக்குது. வெயில பிடிக்கிறது ஈஸிங்க, அத ராத்திரி வரைக்கும் வெச்சுக்கிறதுல தான் வேலையே இருக்கு.

கேள்வி: ஊட்டில புதுசா வீடு கட்டறோம். டிசம்பர், ஜனவரி குளிர் தாங்கல. நாலு பக்கமும் பெரிய கண்ணாடி வெச்சா வெயில் வந்து சூடாகும்னு வீட்டுக்காரர் சொல்றார், இன்ஜினியர் வேண்டாங்கறார். யார் சொல்றது சரி? (ஊட்டி வாசகி)

பதில்: இன்ஜினியர் சொல்றது தான் சரிம்மா. வடக்கு பக்கம் கண்ணாடி வெச்சீங்கன்னா பனிக்காலத்துல வெயில் எட்டிக்கூட பாக்காது, ராத்திரி இருக்கிற சூடும் அது வழியா போயிடும். தெற்கும் தென்கிழக்கும் தான் உங்களுக்கு. வாசல் எந்த திசைல வேணா வைங்க, வாஸ்துக்கு ஒத்து வர்ற மாதிரியே வைங்க, ஜன்னல மட்டும் தவறாம தெற்குல வைங்க.

இப்ப எல்லாரும் கோட்டை விடுற ஒரு இடம் சொல்றேன், சன்ஷேடு. டிசம்பர் உச்சி வெயில் லேல அடிவானத்துலேர்ந்து 32 டிகிரி உயரத்துல தான் இருக்கும், சாய்வா நேரா ரூமுக்குள்ள வந்து விழும். ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு கிட்ட, அங்க அதே நாள்ல 55 டிகிரி. மேஸ்திரி வழக்கம் போல ஜன்னல் தலைக்கு மேல ரெண்டு அடி சன்ஷேடு இழுத்துட்டார்னா கிட்டத்தட்ட மூணு அடி நிழல் விழும், நாலு அடி ஜன்னல்ல மதியம் மிச்சம் ஒரு அடி தான் வெயில், அப்புறம் என்ன கண்ணாடி போட்டு என்ன பிரயோஜனம். அதுக்காக எடுத்துடவும் முடியாது, மழை சாரல் இருக்கு. ஒரு அடியா குறைச்சு, ஜன்னலுக்கு மேல ஒரு அடி தள்ளி ஏத்தி போடச் சொல்லுங்க, நிழல் அரை அடிக்குள்ள நின்னுடும்.

தென்கிழக்கு ஏன் சொல்றேன்னா, உறைபனி விழுறதே மேகம் இல்லாத ராத்திரில தான், தரைச் சூடெல்லாம் வானத்துக்கு போயிடறதால புல்லு வெள்ளையாகுது, மறுநாள் காலைல வெயில் பளிச்சுன்னு அடிக்கும். அந்த காலை வெயில விடாம பிடிங்க. ரொம்ப குளிர்ற நாள்ல தான் இந்த முறை நல்லா வேலை செய்யும்ங்கறது எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயம். வெயில் விழுற இடத்துல தரை கருங்கல்லோ கடப்பாவோ போடுங்க, மேல கார்பெட் விரிச்சு மூடிடாதீங்க, சூடு கல்லுக்குள்ள இறங்காது. கூரை தகரம்னா கட்டாயம் கீழ சீலிங் அடிச்சு நடுவுல கிளாஸ் வூல் (கண்ணாடி இழை பஞ்சு) வைங்க, கல்லு சேத்து வெச்ச சூடு எல்லாம் தகரம் வழியா தான் தப்பிக்கும். உங்க மலையில தோடர் வீட்ட பாத்திருப்பீங்க, வளைஞ்ச புல் கூரை, குனிஞ்சு தவழ்ந்து தான் போகணும், அவ்ளோ சின்ன வாசல். உள்ள இருக்கிற சூட்ட வெளிய விடாம இருக்கத் தான் அந்த அமைப்பு கை கொடுக்குது.

ஜூன், ஜூலை மூடுபனி மழைல இது எடுபடாது, அதையும் சொல்லிடறேன். அந்த மாசத்துக்கு இந்த சீலிங்கும் இடுக்கு இல்லாத கதவும் தான் துணை.

கேள்வி: சென்னைல இதையே வெச்சு வீட்ட குளிர்ச்சியா மாத்த முடியுமா?

பதில்: திருப்பி போடுங்க, சுவர் மேல வெயிலே படாம பாத்துக்கணும். மேற்குல மரம், மாடில வெள்ளை பெயின்ட், அதுலேர்ந்து ஆரம்பிங்க.

கேள்வி: கொடைக்கானல்ல வாடகை வீடு. சுவர்ல ஆணி அடிக்கவே ஓனர் விட மாட்டார். ராத்திரி ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சு சமாளிக்கிறோம், குழந்தைக்கு ரெண்டு வயசு. செலவில்லாம ஏதாவது வழி சொல்லுங்க.

பதில்: வெயில் நல்லா விழுற ஜன்னல் எதுன்னு பாருங்க. பழைய 20 லிட்டர் தண்ணி கேன் பத்து வாங்கி கறுப்பு பெயின்ட் அடிச்சு, தண்ணி நிரப்பி அந்த ஜன்னலுக்குள்ள வெயில் படுற மாதிரி வரிசையா வைங்க (மரத் தரைன்னா வேண்டாம், 200 கிலோ வெயிட்டு). அந்த தண்ணி பகல்ல 5 டிகிரி ஏறி ராத்திரி இறங்கினாலே ஒரு கிலோவாட் ஹீட்டர ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டின சூடு ரூமுக்கு கிடைக்கும், கரன்ட் பில் இல்ல. சாயங்காலம் வெயில் போன உடனே, இருட்டுற வரைக்கும் காத்திருக்காம, கெட்டியான கம்பளிய ஜன்னல் முழுக்க மூடற மாதிரி தொங்க விடுங்க, கதவுக்கு அடில பழைய புடவைய சுருட்டி வைங்க. எல்லாரும் அந்த ஒரு ரூம்லயே படுங்க.

ஆனா ஒண்ணு, கதவ இப்படி அடைச்ச ரூமுக்குள்ள கரி அடுப்பு இருக்கவே கூடாது. கரிலேர்ந்து கார்பன் மோனாக்சைடுங்குற விஷ வாயு வரும், வாசனை கிடையாது, கண்ணு எரியாது, தூக்கத்துல இருக்கிறவங்களுக்கு எழுந்திருக்கவே வழி இருக்காது, மலை ஊர்கள்ல குடும்பத்தோட போன உயிருங்க உண்டு. கேன் வாங்கறது அடுத்த மாசம் ஆனாலும் பரவால்ல, ரெண்டு கம்பளி கூட போர்த்திக்கோங்க, அந்த அடுப்ப இன்னைக்கு ராத்திரியே வெளிய எடுத்து வெச்சுடுங்க.