கண்ணை மூடினால் ஆர்டர் கணக்குதான் ஓடுகிறது

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கிறேன். காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பத்தரை வரை ஓட்டம்தான். முகூர்த்த மாதங்களில் தேன்குழல், மணகோலம், கைமுறுக்கு என்று உதவிக்குப் பெண்களை வைத்தும் வேலை முடிவதில்லை. இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருப்பதாகச் சொல்லி அண்மையில் மருத்துவர் மாத்திரை கொடுத்தார். தியானம் செய்தால் மாத்திரையே வேண்டியிருக்காது என்கிறார் என் நாத்தனார். பலமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டேன். கண்ணை மூடினால் ஆர்டர் கணக்கும் எண்ணெய் விலையும்தான் ஓடுகின்றன. கூட்டுக் குடும்பம், தனியாக உட்கார இடமும் இல்லை. எனக்கெல்லாம் தியானம் வருமா? எங்கிருந்து தொடங்குவது? கட்டணம் கட்டி வகுப்பில் சேர வேண்டுமா?

பதில்: முதலில் மாத்திரை விஷயத்தை முடித்துவிடுவோம். அதை நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட. தியானம் சிலருக்கு இரத்த அழுத்தத்தைச் சற்றே குறைக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்க இதய நலச் சங்கம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, வழக்கமான சிகிச்சையோடு துணையாகத் தியானத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான் நிற்கிறது. சிகிச்சைக்குப் பதிலாக என்று அது சொல்லவில்லை. மாத்திரையின் அளவைக் குறைப்பதா, கூட்டுவதா என்பதை அழுத்தத்தை அளந்து பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். நாத்தனார் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. உப்புக் காரம் பார்க்கிறேன் என்று நாள் முழுவதும் எத்தனை துண்டு பலகாரம் வாயில் போகிறது? அந்த உப்பையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது, நீங்கள் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம். மனம் ஓடுவது உங்களிடம் உள்ள குறை அல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் இருவர் 2,250 பேரிடம் கைபேசி வழியாக அவ்வப்போது ஒரு கேள்வி கேட்டார்கள்: இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், மனம் அந்த வேலையில் இருக்கிறதா? 2010-இல் வெளியான அந்த ஆய்வின்படி, கேட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் கைவேலையை விட்டு வேறெங்கோ இருந்தது. நின்று நிதானமாக வாழ்கிறவர்கள் என்று நாம் நினைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மனத்தை வெறுமையாக்குவதுதான் தியானம் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தொடக்கத்தில் இருப்பவருக்கு அதைவிடக் கெடுதலான அறிவுரை இல்லை. நடப்பது இதுதான்: மூச்சைக் கவனிக்கிறீர்கள். சற்று நேரத்தில், புதுவயல் கல்யாணத்துக்கு மணகோலம் எத்தனை கிலோ என்று மனம் போய்விடுகிறது. போனதே தெரியாமல் அரை நிமிடம் அங்கேயே இருக்கிறீர்கள். பிறகு ஒரு கணம், போய்விட்டோம் என்று தெரிகிறது. உங்களைத் திட்டிக்கொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புகிறீர்கள். அந்தத் தெரிகிற கணமும் திரும்புகிற செயலும்தான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் முப்பது முறை ஓடி முப்பது முறை திரும்பினால், முப்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது. கைமுறுக்குச் சுற்றப் பழகிய நாட்களில் மாவு எத்தனை முறை அறுந்திருக்கும்? அறுந்த இடத்தில் ஒட்டி ஒட்டிச் சுற்றித்தானே விரல் பழகியது. நீங்கள் இதுவரை செய்ததெல்லாம், முதல் அறுப்பிலேயே மாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்ததுதான்.

எப்போது உட்காருவது? பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் தூங்குவதே ஆறு மணி நேரம். அதிலும் அரை மணியைப் பிடுங்கினால் இரத்த அழுத்தத்துக்கு நல்லதல்ல, உட்கார்ந்த இடத்தில் தூங்கியும் விடுவீர்கள். இரவு எல்லாம் முடிந்தபின் என்றாலும் தூக்கம்தான் வரும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியபின், உதவிக்கு வரும் பெண்கள் வந்து சேரும்முன் ஓர் இடைவெளி இருக்குமே, அதைப் பிடியுங்கள். கடிகாரத்தில் மணி குறிப்பதைவிட, நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு முடிச்சுப் போடுவது மேல். பள்ளி வேன் தெருமுனை திரும்பியதும் உட்கார்ந்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு அணைந்திருக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது கண்ணை மூடவே கூடாது. ஐந்து நிமிடம் போதும், முதல் மாதத்தில் அதற்கு மேல் வேண்டாம்.

தனி இடம் இல்லை என்கிறீர்கள். பூஜை அறையோ மூடிய கதவோ தேவையில்லை. உங்களுடையது வளவு, அதாவது நடு முற்றம், வைத்த பழைய வீடு என்றால், சுற்றுத் தாழ்வாரத்தில் ஒரு தூணை ஒட்டி நாற்காலி போட்டால் போயிற்று. மாமியாரிடமும் மற்றவர்களிடமும் "ஐந்து நிமிடம் என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால்தான் சங்கடம். வளவில் பாத்திரம் உருளும், யாராவது போனில் சத்தமாகப் பேசுவார்கள். அந்தச் சத்தங்கள் வந்து போகட்டும், அடக்க முயல வேண்டாம்.

தரையில் சம்மணமிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாளெல்லாம் மணையில் உட்கார்ந்து முறுக்குச் சுற்றுகிறவர்களுக்கு முழங்காலும் இடுப்பும் ஏற்கெனவே நொந்திருக்கும். முதுகு நிமிர்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிய நாற்காலியில் உட்காருங்கள். செருப்பு வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் இன்னும் நல்லது. குதிகாலில் அந்தக் குளிர்ச்சி முதலில் தெரியும், பிறகு விரல்களின் அடியில். முதல் அரை நிமிடம் அதை மட்டும் கவனியுங்கள். பிறகு மூச்சு. மூக்கு நுனியிலோ அடிவயிற்றிலோ எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே. மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்தது வெளியே போகும்போது இரண்டு என்று பத்து வரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை தவறிவிட்டால் ஒன்றுக்கு வாருங்கள். மூச்சை அடக்கவோ இழுத்துப் பிடிக்கவோ வேண்டாம். வெளிமூச்சைக் கொஞ்சம் மெதுவாக விடலாம். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது, உடல் தளர்வதற்கு அது உதவும். மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு இறுகுவதுபோல் இருந்தால், ஐந்து நிமிடமும் பாதத்தின் குளிர்ச்சியிலேயே இருந்துவிடுங்கள். அதுவும் தியானம்தான்.

ஆர்டர் கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. உட்காரும்முன் ஒரு துண்டுத் தாளில் அன்றைய பாக்கி வேலைகளை எழுதி வைத்துவிடுங்கள்: யாருக்கு எத்தனை கிலோ, எந்த பஸ்ஸில் பார்சல் போட வேண்டும், யார் பணம் தர வேண்டும். தாளில் ஏறிவிட்டால் மறந்துவிடுவோமோ என்ற பயம் பாதி குறைகிறது. போனில் அலாரம் வைத்துவிட்டு வாட்ஸ்அப் ஒலியை அடைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எந்த வாடிக்கையாளரும் போய்விட மாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் தொழிலிலேயே தியானத்துக்கு இடம் இருக்கிறது. 1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் ஒரு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி இன்று உலகெங்கும் நடக்கிறது. அதில் தொடக்கத்திலேயே ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். தொட்டு, முகர்ந்து, மெதுவாக மென்று, முழுக் கவனத்தோடு அதைச் சாப்பிட வேண்டும். உங்களுக்குத் திராட்சை வேண்டாம், கைமுறுக்கு இருக்கிறது. நாளில் முதல் பத்து முறுக்கை மட்டும் டிவியும் பேச்சும் இல்லாமல் சுற்றுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு திரிவது, ஈரம் குறைந்தால் சொரசொரப்பாவது, முறுக்கேறிய இழை துணியில் படிவது, இவற்றை விரலால் கவனியுங்கள். மனம் விலகினால் விரலுக்குத் திரும்புங்கள். கண் திறந்தே இருப்பதால் ஆபத்தில்லை. ஆனால் இதைச் செய்கிறேன் என்று அந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். வேலைக்கு நடுவே கவனம் நிற்பதற்குச் சும்மா உட்கார்ந்து பழகியது கைகொடுக்கும்.

இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 21 நாள் கணக்கு நம் பிள்ளையார் நோன்புக்கு உரியது. பழக்கத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளில் கைகூடியது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். அதனால் மூன்று வாரத்தில் பழகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் பெரிதாகக் கெடுவதில்லை. தவறிய மறுநாள் உட்கார்ந்தால் போதும். முகூர்த்த நெருக்கடியில் ஐந்து நிமிடமும் கிடைக்காத நாளில், நாற்காலியில் உட்கார்ந்து பத்து மூச்சு எண்ணிவிட்டு எழுந்திருங்கள். அந்த நாளையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,500-க்கும் அதிகமானவர்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியான மதிப்பாய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு குறைவு இருப்பதாகக் கண்டது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. ஆகவே நடையையும் விடாதீர்கள். அன்றாடத்தில் நான் கண்டவரை, மாற்றம் முதலில் தெரிவது கோபத்தில்தான். உதவிக்கு வந்த பெண் ஓர் ஈடு தேன்குழலைக் கருக்கிவிடுகிறாள். வாய் திறப்பதற்கு முன்பே நெஞ்சில் சூடு ஏறுவது உங்களுக்குத் தெரிகிறது. அந்த ஒரு நொடி இருந்தால், அடுப்பைத் தணிக்கச் சொல்லிவிட்டு மேலே வேலையைப் பார்ப்பீர்கள்.

வகுப்பு தொடக்கத்துக்குத் தேவையில்லை. கூட்டாகச் செய்தால் ஊக்கம் வரும் என்று தோன்றினால், வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் தமிழகத்தின் பல ஊர்களில் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். எங்கே போனாலும், மருந்தை நிறுத்தச் சொல்கிறவரையும் நோய் தீரும் என்று உறுதி கொடுத்துப் பெருந்தொகை கேட்கிறவரையும் நம்பாதீர்கள்.

சிலருக்கு அமைதியாக உட்கார்ந்தால் பழைய துயரமோ பயமோ பெரிதாகக் கிளம்பும். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.