காப்புக்காடு: ஆட்சேபம் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் காப்புக்காட்டில் ஒரு பகுதியைக் காப்பு நிலையிலிருந்து விடுவிக்கப் போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி ஒரே மனுவாகக் கொடுத்தால் போதுமா? (வாசகி, காஜாங்)

பதில்: போதாது. கையெழுத்து மனு எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்று சொல்லும். ஏன் எதிர்க்கிறார்கள் என்று சொல்லாது. சிலாங்கூரில் 2011இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, காப்புக்காட்டை விடுவிக்கும் முன் பொது விசாரணை நடத்தியே ஆக வேண்டும். அந்த விசாரணையில் எடுபடுவது காரணம்தான்.

நாள்களை எண்ணத் தொடங்குங்கள். சிலாங்கூரின் கோல லங்காட் உத்தாரா காப்புக்காட்டை விடுவிக்க 2020 பிப்ரவரி 5ஆம் தேதி அறிவிப்பு வந்தபோது கிடைத்த அவகாசம் 30 நாள். கூட்டம் போட்டுப் பேசியே முதல் இரண்டு வாரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். அதனால் முதல் வாரத்திலேயே வன இலாகாவுக்குப் போய்ப் பெலானை (வரைபடத்தை) பாருங்கள். எத்தனை ஹெக்டர், எந்த ஓடை உள்ளே வருகிறது, உங்கள் வீடுகளுக்கு எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தக் காடு எந்த வகையில் இருக்கிறது என்று கேளுங்கள். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 10வது பிரிவு காப்புக்காடுகளை நீர்ப்பிடிப்பு, வெள்ளத் தடுப்பு, மண் பாதுகாப்பு, ஆராய்ச்சி, மரம் வெட்டுதல் எனப் பல வகையாகப் பிரிக்கிறது. வகைப்படுத்திய அந்தப் பயனுக்கு நிலம் இனித் தேவையில்லை என்பது 11வது பிரிவு விடுவிப்புக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே உங்கள் கடிதமும் அங்கேதான் கை வைக்க வேண்டும். வெள்ளத் தடுப்புக் காடு என்றால், எந்தத் தேதியில் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் ஏறியது என்று படத்தோடு எழுதுங்கள். 'காடு நமக்கு நுரையீரல்' என்று எழுதினால் மறுப்பவரும் இல்லை, குறித்துக்கொள்பவரும் இல்லை.

ஒருவருக்கு ஒரு கடிதம், மலாய் மொழியில், அடையாள அட்டை எண், முகவரி, கையெழுத்தோடு. ஒரே வாசகத்தை நூறு பேர் நகல் எடுக்க வேண்டாம். நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சாப் (முத்திரை) வாங்கிவிடுங்கள்.

கோல லங்காட் காட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 957 ஹெக்டரில் சுமார் 931 ஹெக்டரை விடுவிப்பதாக இருந்தது. காடு பல முறை எரிந்து சீரழிந்துவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் அது கம்புட், அதாவது மட்கு மண் நிறைந்த சதுப்புக்காடு. ஓரத்தில் வாய்க்கால் வெட்டினால் நீர்மட்டம் இறங்கும். மட்கு உலர்ந்து சுருங்கும். பிறகு நெருப்பு தரைக்கு அடியிலேயே ஓடும். எரிந்தது காட்டின் குற்றமல்ல, வடிகாலின் விளைவு. இப்படிக் காரணத்தைக் காரணத்தால் எதிர்கொள்ளும் கடிதம் எண்ணிக்கையைவிட வலுவானது. ஆயினும் கடிதத்தோடு நின்றுவிடக் கூடாது: சுமார் 45,000 ஆட்சேபங்கள் போயும் 2021 ஆகஸ்டில் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தை விடுவித்த செய்தி வந்தது. மக்கள் விடவில்லை, செப்டம்பர் 8ஆம் தேதி மாநில அரசு அந்த முடிவை மாற்றியது. அந்தக் காட்டைச் சுற்றி வாழும் தெமுவான் பூர்வகுடி மக்கள் முன்னால் நின்றார்கள். உங்கள் பக்கமும் பூர்வகுடிக் கிராமம் இருந்தால், அவர்களிடம் முதலில் போங்கள். அவர்களுக்காக நீங்கள் பேசாதீர்கள், அவர்கள் பேச இடம் கொடுங்கள்.

கேள்வி: விடுவிப்பு என்ற பேச்சே இல்லை. ஆனால் காட்டை நிர்வகிக்கும் திட்டத்தில் எங்களுக்கும் பங்கு வேண்டும். எங்கே நுழைவது? (வாசகர், கோல சிலாங்கூர்)

பதில்: நல்ல நேரத்தில் கேட்கிறீர்கள். ஆட்சேபம் எழுதும் கட்டத்தில் முடிவு பாதி ஆகியிருக்கும். திட்டம் எழுதும் கட்டத்தில்தான் நம் சொல் உள்ளே போகும். உங்கள் பக்கத்து ராஜா மூசா கம்புட் சதுப்புக்காட்டில் 2008 முதல் மக்களும் வன இலாகாவும் சேர்ந்து வாய்க்கால்களை அடைத்து, மஹாங் போன்ற மரங்களை நட்டு வருகிறார்கள். அந்த வேலையில் சேருங்கள்.

வெறும் கையோடு கூட்டத்துக்குப் போகாதீர்கள், அளவோடு போங்கள். துளையிட்ட பி.வி.சி. குழாயை மட்கில் இறக்கி, தரையிலிருந்து நீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று வாரம் ஒருமுறை டேப்பால் அளந்து எழுதலாம். குழாயை வாய்க்கால் கரையில் மட்டும் நட்டால் கணக்கு தப்பும். அங்கே நீர் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும். கரையிலிருந்து உள்ளே போகப் போக மூன்று நான்கு இடங்களில் நடுங்கள். இந்தோனேசியா தன் கம்புட் நிலங்களுக்கு வைத்த எல்லை 40 செ.மீ. அதற்குக் கீழே போனால் உடனே வன இலாகாவுக்குத் தகவல் கொடுங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இந்தப் பொது விசாரணை உண்டா? (வாசகர், செந்தூல்)

பதில்: சிலாங்கூர் சட்டத் திருத்தம் கூட்டரசுப் பிரதேசத்தில் செல்லாது. இங்கே உங்கள் பிடி நகரத் திட்டப் பெலான்தான். கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் கட்டுமான அனுமதியை ரத்து செய்தது. அந்த இடம் திறந்தவெளி என்று கட்டமைப்புத் திட்டத்தில் பதிவாகியிருந்தது குடியிருப்பாளர்களுக்குப் பெரிய பலம். உங்கள் வட்டாரக் காடும் திடலும் பெலானில் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். தவறாக இருந்தால், அடுத்த முறை வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும் நாளிலேயே எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.