பத்தரைப் பசிக்குப் பணிஸ் சரிவராது

காலை ஏழுக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போனால் பத்தரைக்கே வயிறு புகையுது, பணிஸும் பிளேன்ரீயும் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்குதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்காதுதான், அதில் இருப்பது மாவும் சீனியும். புரதமும் நார்ச்சத்தும் பெரிதாக இல்லை. இரவே கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, விடிய அவித்து, வெங்காயம், செத்தல் மிளகாய், தேங்காய்ச் சொட்டோடு தாளித்து ஒரு சின்னப் பெட்டியில் கொண்டு போங்கள், மத்தியானம் வரை பசி கிட்ட வராது. ஊறப்போட மறந்தால் ஒரு அவித்த முட்டை, கிட்டத்தட்ட 6 கிராம் புரதம். கச்சானும் (நிலக்கடலை) நல்லதுதான், ஆனால் 30 கிராமிலேயே 170 கலோரி வரும், அதனால் கடதாசிச் சரையை மேசையில் விரித்து வைக்காமல் ஒரு கைப்பிடி எடுத்துவிட்டு மூடுங்கள். புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கிடைத்தால் விடாதீர்கள், சப்பி முடிக்கவே நேரம் போகும் (பல்லு நல்லா இருந்தால்!). மற்றது, இந்த வெயிலுக்குச் சிலநேரம் தாகமே பசி மாதிரித் தெரியும், முதலில் தண்ணீர் குடித்துப் பாருங்கள்.