புது ஃபிரிட்ஜ் வாங்கும் முன் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் மாடி வீட்டில் நால்வர் வசிக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 570 யூனிட் வரை ஆகிறது. ஃபிரிட்ஜுக்கு 12 வயது. அதை மாற்றுவதா, பிளக்கில் செருகும் ‘பவர் சேவர்’ வாங்குவதா?

பதில்: பவர் சேவர் வேண்டவே வேண்டாம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும்தான். வீட்டு மீட்டர் கணக்கிடும் யூனிட்டைக் கெப்பாசிட்டர் குறைக்காது. அந்தப் பச்சை விளக்கும் உங்கள் காசில்தான் எரியும்.

570 என்பது சங்கடமான இடம். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு விலை கூடுவதோடு நிற்காது. கீழ்ப்படியில் கிடைத்து வந்த சலுகையும் பறிபோய்விடும். எனவே சுமார் 80 யூனிட்டைக் குறைப்பதுதான் உங்கள் இலக்கு. 500க்குள் அடங்கினால் போதும்.

எது எவ்வளவு இழுக்கிறது என்பதை மீட்டரே சொல்லும். அதன் முகப்பில் சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் 3200 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 விநாடி என்றால், 1125ஐ 15ஆல் வகுங்கள்: 75 வாட். (வேறு எண் இருந்தால், 1125க்குப் பதிலாக 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.) எல்லாம் அணைந்த பிறகும் விளக்கு சிமிட்டினால் இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் பிளக்குகளைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மின்கசிவாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனை உடனே அழைக்க வேண்டும்.

பழைய மின்விசிறிக்கு 75 வாட் தேவை; பிஎல்டிசி (பிரஷ் இல்லாத, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார்) மின்விசிறிக்குச் சுமார் 30 போதும். தினமும் 16 மணி நேரம் ஓடும் மின்விசிறி ஒன்றை மாற்றினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். கூடத்திலும் படுக்கையறையிலுமாக இரண்டை மாற்றினால் 86. உங்கள் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது! ஆள் படுக்காத அறையின் மின்விசிறியை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள்.

ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் சிமிட்டலை நம்ப முடியாது. குடும்பத்தோடு வெளியூர் செல்லும் நாளில் அதை மட்டும் ஓடவிட்டு, கிளம்பும்போதும் திரும்பியதும் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் ஒன்றரை யூனிட்டுக்குள் இருந்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். அதற்கு மேல் போனால் கதவு ரப்பரைச் சோதியுங்கள்: ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையின்றி வழுக்கி வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால் நாலு விரற்கடையாவது தள்ளி வையுங்கள்.

ஏசி பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால், வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றுவதால் அதன் செலவு ஏறக்குறைய 6 சதவீதம் குறையும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 26இல் வைத்து மின்விசிறியையும் ஓடவிடுங்கள்.

மாடி வீடு என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த காங்கிரீட் தளம் இரவில்தான் அந்தச் சூட்டை உள்ளே இறக்குகிறது. பங்குனி பிறப்பதற்குள் மொட்டைமாடியைக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ இரண்டு கை அடித்துவிடுங்கள். தளத்தில் விரிசல் இருந்தால் அதை அடைத்த பிறகே பூச்சு.